நாடகம் நடந்த பின் மீதி

பொன்மலை ரயில்வே பட்டறையில் மாலைச் சங்கு ஊதியது. வெளியே பாய்ந்த சைக்கிள்களுக்கு எதிர்முகமாக, கையில் வாளியும் தேங்காய் நாருமாக அப்துல் சுக்கூர் நின்றார்.

"என்ன பாய், பட்டறையையே கழுவப் போறீங்களா?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான்.

அவர் தென்னூரில் நாடகங்களுக்குப் படுதா வரைகிறவர். பட்டறைத் தொழிலாளர் நாடகக் குழுவின் செயலாளர், ஃபிட்டர் மாத்ருபூதம், அவரிடம் கடல் காட்சி ஒன்று கேட்டிருந்தார். முன்பணம் இருபது ரூபாய். மீதி அறுபது, நாடகம் நடந்த பின். டைப் அடித்த ஒப்பந்தத்தில் தன் பெயர் அவ்வளவு அழகாக இருந்ததைப் பார்த்தே சுக்கூர் கையெழுத்திட்டுவிட்டார்.

ஐப்பசி மழையில் பந்தல் சரிந்தது. நாடகம் கைவிடப்பட்டது. குறித்த நாள் போய்விட்டதால் பணம் வரும் என்று சுக்கூர் காத்திருந்தார். நாடகமே நடக்காதபோது மீதி ஏது என்று மாத்ருபூதம் இருந்தார். இருவர் மனத்திலும் கள்ளமில்லை என்பதுதான் விசித்திரம்.

"படுதாவைக் கொடுங்க சார்," என்றார் சுக்கூர், வெளியே வந்த மாத்ருபூதத்திடம். "தண்ணிக் கலர்தானே, கழுவிட்டு வேற ஆளுக்கு வரைஞ்சுக்கறேன். துணிக்கடைக் கடனுக்குப் பதில் சொல்லணும்."

மாத்ருபூதம் நாடகக் குழுவின் கொட்டகையைத் திறந்து, சுருட்டியபடியே வாங்கி வைத்திருந்த படுதாவை முதல்முறையாக விரித்தார். அலைகளுக்கு நடுவே சிறிய கப்பல். அதன் ஒரு சன்னலில் மட்டும் விளக்கு. அங்கே விழித்திருப்பது யார், கப்பல் எந்த ஊருக்குப் போகிறது என்றெல்லாம் அறிய அவருக்கு ஆசை வந்தது.

"கடலை எங்க பாத்தீங்க?"

"பாத்ததில்லீங்க. காவேரியில வெள்ளம் வந்தப்ப அக்கரையை மறந்துட்டுப் பாத்தேன்."

சொல்லிக்கொண்டே சுக்கூர் ஈர நாரைக் கப்பலருகே கொண்டுபோனார். மாத்ருபூதம் சட்டென்று அவர் கையைப் பிடித்தார். போன மாதம் தாம் சரிசெய்து முடித்த எஞ்சின் ஒன்று இன்னும் ஷெட்டைவிட்டு நகராதது அவருக்கு நினைவு வந்தது.

"நான் சரிசெஞ்ச எஞ்சின் ஒண்ணு ஷெட்லயே நிக்குது. அது ஓடலேன்னு யாரும் என் சம்பளத்தைப் பிடிக்கலை பாய். நீங்க வேலையை முடிச்சீங்க. மழைக்கு நீங்க ஏன் அபராதம் கட்டணும்? குழுவுல ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மீதியைக் குடுத்துடறோம்."

சுக்கூர் நாரைக் கீழே வைத்தார். சிறிது தயங்கிவிட்டுக் கேட்டார்: "எந்தத் தேதிங்க?"

"அஞ்சாம் தேதி. மழை பெஞ்சாலும்," என்றார் மாத்ருபூதம். "இந்தக் கேள்வியை நீங்க கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டிருக்கணும். நீங்க கேக்காட்டியும் நான் சொல்லியிருக்கணும். வேலை என்னன்னு மட்டும் எழுதினா ஒப்பந்தம் ஆகாது பாய். கூலி என்னிக்கு, தடங்கல் வந்தா நஷ்டம் யாருக்கு, ரெண்டையும் எழுதணும்."