டெய்லரக்கா போட்டுக்கொடுத்த சிடிகள்

அந்தத் தெருவிலிருந்த நூற்று எழுபத்து நான்கு சிடிகளில் ஒன்றில்கூட எதுவும் இல்லை என்பது ஒன்பதாவது வருடத்தில்தான் தெரியவந்தது. அதுவரை அவை எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் கல்யாணங்கள் நடந்தன, பிள்ளைகள் பள்ளி மேடையில் வசனம் மறந்து நின்றார்கள், தவழ்ந்த குழந்தைகள் தவழ்ந்துகொண்டே இருந்தார்கள். யாரும் குறை சொன்னதில்லை. அத்தனையையும் போட்டுக்கொடுத்தவர் தெருமுனையிலிருந்து மூன்றாவது வீட்டில் பெண்களுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்த டெய்லரக்கா.

அக்காவின் மகள் கல்யாணம் முடிந்து வெளிநாடு போகும்போது தன் கம்ப்யூட்டரை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். சிடி எழுதும் வசதி அந்தத் தெருவிலேயே அது ஒன்றில்தான் இருந்தது. பெட்டி கட்டிக்கொண்டே, ஒரு கண் கடிகாரத்திலும் ஒரு கண் அம்மாவிடமுமாக, ஒரே மத்தியானத்தில் பாடம் நடத்தி முடித்தாள். அக்கா அதை அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏழு வரியாக எழுதிவைத்துக்கொண்டார். இரண்டாவது வரியில்தான் கோளாறு. அந்த வரியில் சொன்னபடி செய்தால் திரையின் முகப்புக்கு வருவது படம் அல்ல. படம் கம்ப்யூட்டருக்குள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு சின்னக் குறி மட்டும். ஷார்ட்கட் என்பார்கள். அதன் மூலையில் வளைந்த அம்பு ஒன்று இருக்கும். படம் கிளம்பத் தயாராகிவிட்டது என்பதற்கான அடையாளம் அது என்று அக்கா எடுத்துக்கொண்டார். ஒன்பது வருடமும் படத்தை உள்ளேயே வைத்துவிட்டு அந்த அம்பைத்தான் சிடியில் எழுதி, மேலே மார்க்கரால் பெயரும் எழுதி, உறையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிப் போனவர்கள் கேமராவில் இருந்ததை நிம்மதியாக அழித்தார்கள்.

வேறு யார் போட்டிருந்தாலும் அப்படிப்பட்ட சிடி ஓடியிருக்காது. அக்கா போட்டது ஓடியது. வீட்டு டிவியில் ஓடியது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடியது, காரில் வைத்தாலும் ஓடியது. ஆனால் காலை பத்து மணிக்கு முன்னாலும் இரவு எட்டுக்குப் பின்னாலும் ஓடாது. அக்கா கம்ப்யூட்டரைப் போடுவதும் அணைப்பதும் அந்த நேரத்தில்தான் என்பதை யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. வங்கிக்கு ஒரு நேரம், நூலகத்துக்கு ஒரு நேரம், சிடிக்கு ஒரு நேரம் என்று இருந்துவிட்டார்கள். எல்லாப் படத்திலும் பின்னணியில் ஒரு தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. கல்யாணத்தில் கேட்டது, கடற்கரையில் கேட்டது. அது சிடியின் இயல்பு என்றுதான் நினைத்தார்கள். ஒருநாள் அக்கா பொத்தான் வாங்கக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போயிருந்தபோது, சலூன்காரர் தன் தங்கையின் கல்யாணம் பாதியில் நின்றுவிட்டதைப் பார்த்து, சிடியை எடுத்துப் பற்பசை தடவித் துடைத்துத் திரும்பப் போட்டார். அதே நேரத்தில் அக்காவும் வீடு திரும்பிக் கம்ப்யூட்டரைப் போட்டிருந்தார். மாலை மாற்றிக்கொண்டார்கள். அன்றிலிருந்து சலூன்காரருக்கு சிடி வைத்தியர் என்று பெயர் வந்து, முடிவெட்ட வந்தவர்களைவிடப் பற்பசைக்கு வந்தவர்கள் அதிகமானார்கள்.

நான்காவது வருடம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டார். தெருவில் ஒரு சிடியும் ஓடவில்லை, பற்பசையும் பலிக்கவில்லை. மூன்றாம் நாள் தெருவே பழத்தோடு நலம் விசாரிக்க வந்தது. விசாரித்து முடித்து, செருப்பை மாட்டும்போது, வீட்டில் சிடி ஓடாததையும் சொல்லிவிட்டுப் போனது. அக்கா முனகிக்கொண்டே எழுந்து, பக்கத்தில் ஏதாவது சத்தம் இருந்தால் துணையாக இருக்குமே என்று கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுப் படுத்தார். தெருவில் எல்லாம் ஓட ஆரம்பித்தது. அக்கா நன்றாக இருந்தால் சிடி நன்றாக இருக்கும் என்பது அதோடு முடிவாகிவிட்டது. அதனால்தான் மகள் ஒவ்வொரு வருடமும் டிக்கெட் போடட்டுமா என்று கேட்டபோதெல்லாம் அக்கா ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழித்தார். மகளைப் பார்க்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் தெருவில் நாற்பது வீடு இருக்கிறதே, குறிப்பாகக் கடைசி வீடு இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடுவார்.

கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் தனியாக இருந்தார். அவருடைய மனைவி இருக்கும் படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. இரவல் கேமராவில் அவரே எடுத்தது. மனைவி பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கேமராவைப் பார்த்து வெட்கப்படுவார், முந்திய நாள் வந்த கடிதத்தைப் பற்றி ஏதோ சொல்வார், கடைசியில், "போதும் எடுத்தது. டீ ஆறுது, வாங்க" என்பார். அடுத்த மாதம் அந்த அம்மாள் உயிரோடு இல்லை. கேமராவில் இருந்ததை அழித்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அந்தப் பச்சைச் சட்டை அக்கா தைத்தது. காலர் நேராக இல்லை என்று அந்த அம்மாள் மூன்று தடவை திருப்பிக் கொண்டுவந்தார்; மூன்று தடவையும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்துத் தைத்தார். தபால்காரர் தினமும் நாலேகால் மணிக்கு அந்த சிடியைப் போடுவார். மனைவி கூப்பிட்டதும், "வந்துட்டேன்" என்று சொல்லி எழுந்து டீ போடப் போவார். முப்பத்தைந்து வருடம் நேரம் தவறாமல் கடிதம் கொடுத்த மனிதர், இதிலும் தவறியதில்லை.

ஒன்பதாவது வருடம் கணக்கு டீச்சர் ஒருவர் அந்தத் தெருவுக்குக் குடிவந்தார். பக்கத்து வீட்டில் ஒரு சிடியை இரவல் வாங்கித் தன் கம்ப்யூட்டரில் காப்பி எடுக்கப் பார்த்தார். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. மூன்று மணி நேரக் கல்யாணம் அப்படி முடியக்கூடாதே என்று அளவைப் பார்த்தால், ஒரு கே.பி. என்று இருந்தது. ஒரு பக்கக் கடிதத்துக்கே அது சரியாகிவிடும். பேப்பரில் மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் ஐந்து வீட்டில் வாங்கிப் பார்த்தார். எல்லாம் ஒரு கே.பி. யாரிடமும் மூச்சுவிடாமல் நேராக அக்காவிடம் வந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல படமே இல்ல. படம் எங்க இருக்குங்கிற விலாசம் மட்டும்தான் இருக்கு. படம் எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு."

"ஓடுதே, டீச்சர்."

"ஓடுது. ஏன்னு எனக்குத் தெரியல. உங்க கம்ப்யூட்டர் போச்சுன்னா என்ன ஆகும்ங்கிறதுதான் பயமா இருக்கு."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒன்பது வருடமாகத் தெருவே தன்னை நம்பிக் கேமராவை அழித்திருக்கிறது. அடுத்த நொடியே கடைசி வீட்டின் ஞாபகம் வந்தது. ஏனென்றால் அந்த வாரம்தான் கம்ப்யூட்டருக்குள் ஏதோ டிக் டிக்கென்று சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. ஒன்பது வருடத்துத் துணித்தூசி அதன் உள்ளே போய் மெத்தையாகப் படிந்திருந்தது.

அன்றே இருவரும் உட்கார்ந்தார்கள். அக்கா தைக்க வேண்டிய துணியை எல்லாம் ஓரமாகக் குவித்துவிட்டார். டீச்சர் லீவு போட்டார். சலூன்காரர் காரணம் கேட்காமல் முடி காயவைக்கும் மிஷினைக் கொண்டுவந்து உள்ளேயிருந்த தூசியை ஊதிவிட்டுப் போனார். ஏழு நாளில் நூற்று எழுபத்து மூன்று சிடிகளை, இந்தத் தடவை படத்தோடு, ஒழுங்காகப் போட்டு முடித்தார்கள். யார் வீட்டுப் படத்தையும் அக்கா திறந்து பார்க்கவில்லை. அடுத்த வீட்டு விஷயத்தை எட்டிப்பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் தபால்காரர் படம் மட்டும் பிடிவாதம் பிடித்தது. காப்பி எடுக்கப்போனால் பாதியில் நின்றது. சரி, ஓடவிட்டாவது பார்ப்போம் என்று திறந்தால், ஒரு தடவை ஒரு நிமிடம் ஓடும், ஒரு தடவை டீ வரைக்கும் ஓடும். இப்படி நாற்பத்தொரு தடவை அக்கா அதை ஓடவிட்டார். நாற்பத்தொரு தடவையும் அந்தப் பச்சைச் சட்டையின் காலரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டாவது தடவை, செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, டிக் டிக் நின்றது. திரை கறுத்தது. டீச்சர் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நாலேகால் ஆவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அக்கா கிளம்பினார். போட்டுப் பார்த்து ஓடாமல் அவர் திகைத்து நிற்பதைவிட, தன் வாயால் சொல்லித் திட்டு வாங்கிக்கொள்வது மேல் என்று தோன்றியது. ஆனால் நாலு வீட்டுக்கு ஒரு தடவை நின்றுவிட்டார். கடைசி வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலேகால் ஆகிவிட்டது. உள்ளே தையல் மிஷின் சத்தம் கேட்டது. அக்காவின் மிஷின் வீட்டில் உறை போட்டு மூடிக் கிடந்தது. எட்டிப் பார்த்தால், டிவியில் அந்த அம்மாள் பச்சைச் சட்டையோடு உட்கார்ந்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

சட்டை அப்படியே இருந்தது. காலர் மடிப்பு, பொத்தான் நுழையும் காஜா, இடது கையில் அக்கா மறைத்துத் தைத்த ஒட்டு, எல்லாம் முன்னைவிடத் தெளிவாக இருந்தன. முகம் இருந்தது, குரல் இருந்தது. பின்னால் இருந்த கடிகாரத்தில் மட்டும் முள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. அதையெல்லாம் அக்கா ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. "டீ ஆறுது, வாங்க" என்றார் அந்த அம்மாள். "வந்துட்டேன்" என்று எழுந்த தபால்காரர், வாசலில் அழுதுகொண்டு நின்ற அக்காவைப் பார்த்தார்.

அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ஏழு வரி, இரண்டாவது வரி, அம்பு, ஒரு கே.பி., பதினொரு மணி. "ஒன்பது வருஷமா உங்களுக்கு வெறும் விலாசத்தைக் கொடுத்து ஏமாத்தியிருக்கேன், அண்ணே. இப்ப அந்த வீடும் போயிடுச்சு."

தபால்காரர் கேட்டுக்கொண்டே இரண்டாவது டம்ளரை எடுத்துவைத்தார். "வீடு இடிஞ்சுபோன பிறகும் அந்த விலாசத்துக்குக் கடிதம் வரும்மா. நான் ஒண்ணைக்கூடத் திருப்பி அனுப்பினதில்ல. ஆள் எங்க குடிபோயிருக்காங்கன்னு அக்கம்பக்கத்துல விசாரிச்சு, அங்க கொண்டுபோய்க் கொடுத்துடுவேன். இதுவும் அப்படித்தான் விசாரிச்சுக்கிட்டு உன்கிட்ட வந்திருக்கு." டீயை ஆற்றிக் கொடுத்தார். "ஆனா கடிகாரத்துக்கு முள்ளு வேணும். மணி நாலேகால். ஜன்னலுக்கு வெளிய பக்கத்து வீட்டுச் சுவர், அதுமேல ஒரு சைக்கிள் டயர் தொங்கும்."

மறுநாள் கடிகாரம் நாலேகால் காட்டியது. ஜன்னலுக்கு வெளியே டயர் தொங்கியது. அதன் பிறகு தினமும் சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து விட்டுப்போனதைச் சேர்த்தார்கள். டம்ளர் நீலமா வெள்ளையா என்று மட்டும் கடைசிவரை ஒத்துவரவில்லை. அதனால் அது சில நாள் நீலமாகவும் சில நாள் வெள்ளையாகவும் வந்துபோனது. மற்ற வீடுகளில் ஒழுங்கான சிடிகள் எந்த நேரத்திலும் ஓடின. மிஷின் சத்தம் இல்லாமல் கல்யாணம் வெறிச்சென்று இருக்கிறது என்று நாலைந்து பேர் குறைப்பட்டார்கள். பழைய சிடிகள் டம்ளருக்கு அடியில் வைக்கப் பயன்பட்டன.

டீச்சர்தான் அடுத்ததை யோசித்தார். ஒரே ஆள் ஞாபகத்தில் வைத்தால் திரும்பவும் இதே கதைதான், குறைந்தது மூன்று காப்பியாவது வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் தினமும் நாலேகாலுக்கு வந்து உட்கார்ந்து தானே பார்த்தார். அவர் வந்த பிறகு, இருவரும் பேசிப் பேசி மூன்று நிமிடத்தைத் தாண்டியிருந்த படம் சரியாக இரண்டு நிமிடம் நாற்பது வினாடிக்குத் திரும்பியது. சலூன்காரரும் வந்து பார்த்தார். அன்றிலிருந்து வகிடும், காதோரத்து நரைமுடியும் துல்லியமாகிவிட்டன. பிறகு தெருவில் பாதிப் பேர் முறைவைத்து வந்துபோனார்கள், ஆளுக்கொரு மூலையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார்கள். தபால்காரர் வீட்டில் டம்ளர் போதாமல் வெளியே வாங்க வேண்டியதாயிற்று.

பதினோராவது வருடம் அக்கா மகளைப் பார்க்கப் போனார். ஒரு மாதம். போகும் முன் கடைசி வீட்டில் உட்கார்ந்து இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டார். போய் இறங்கிய மறுநாள், ஊரில் மணி நாலரை ஆகட்டும் என்று காத்திருந்து, பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தபால்காரருக்குப் போன் செய்தார்.

"ஓடுச்சா, அண்ணே?"

"ஓடுச்சும்மா. இப்பதான் டீ குடிச்சேன்."

"காலர் நேரா இருக்கா?"

"இடது பக்கம் லேசாத் தூக்கிக்கிட்டு இருக்கு. அவளும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தா. பரவாயில்ல, நீ இருந்துட்டு மெதுவாவே வா. வந்ததும் பிரிச்சுத் தைச்சுக் கொடுத்துடு."