ஏழு பாகை

வெண்மணற் பரப்பின் நடுவே ரியாத் மாநகர் நண்பகலை நோக்கி ஏறும் வெயிலில் உருக்கிய வெள்ளியென ஒளிர, அதன் மார்பினின்று எழுந்து முகிலற்ற வானைத் துழாவும் கோபுரத்தின் எழுபத்து நான்காம் மாடியில், கண்ணாடிக் கூரையின் கீழ், நிலத்து ஓசை எட்டாத பேரமைதியில், புதிய பள்ளிவாசலொன்று மறுநாள் வெள்ளித் தொழுகைக்குக் காத்திருந்தது. தொழுவோர் வரிசையைக் குறித்த விரிப்பின் செங்கோடுகள் முன்சுவரோடு இழைந்து ஓடிய அழகில் மயங்காதார் இலர், அளவையாளர் லூலுவா ஒருத்தி நீங்கலாக. திசைக்குறி இட்டவள் அவளே. அன்று காலை தன் கணக்கை மீண்டும் நோக்கி, சுவர் பார்க்கும் திசையையே மக்காவின் திசையெனக் கொண்டுவிட்ட பிழையைக் கண்டு, தலைமைப் பொறியாளர் முன் வந்து நின்றாள்.

"அபூ ஃபைஹான், வரிசை ஏழு பாகை தப்பு. குறி போட்டது நான்தான்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாளைக்கு ஊரே வருது, இன்னிக்கு வந்து சொல்றியேம்மா. ஏழு பாகைதானே. தொழுகை செல்லும், கூடும்னு இமாமே சொல்லிடுவார்."

"தெரியாம நின்னா கூடும். நமக்குத் தெரிஞ்சுபோச்சே."

"இது மேல போனா உன் வேலை போயிடும். அது தெரியுமா?"

"காலையிலேர்ந்து அதைத்தான் நினைச்சிட்டிருக்கேன்."

தொழுவோர் யாவரும் முகம் நோக்கும் மக்காவின் கஅபா ஆலயத்து உச்சிக்கு நேரே ஞாயிறு நிற்பது ஆண்டில் இரண்டே நாள். அன்று அவற்றுள் ஒன்று. கூரையினின்று தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அவள் ஒதுங்கி நிற்க, குறித்த நொடியில் நூலின் நிழல் மக்காவின் திசைக்கோட்டிலேயே விரிப்பில் விழுந்தது. செங்கோடுகளைச் செங்கோணத்தில் வெட்டவேண்டிய அந்நிழல், ஒருபுறம் சாய்ந்தே வெட்டியது. அபூ ஃபைஹான் நெடுநேரம் நோக்கினார். பின்னர் நீளங்கியைச் செருகிக்கொண்டு, மண்டியிட்டு விரிப்பின் விளிம்பைத் தாமே பெயர்த்தார்.

"பாத்துட்டே நிக்காதே. அந்த முனையைப் பிடி."

மறுநாள் தொழவந்த செல்வரொருவர், சுவருக்கு ஒவ்வாது சாய்ந்தோடிய வரிசைகளைக் கண்டு நகைத்தார். "என்ன அபூ ஃபைஹான், இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்டிட்டு வரிசையைக் கோணலா போட்டுட்டீங்களே?"

"வரிசை நேராத்தான் இருக்கு. கட்டடம்தான் கோணல்."

பெண்கள் வரிசையில் நின்ற லூலுவா முகத்திரைக்குள் சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் கசிந்தது. நெற்றிகள் யாவும் ஒருசேரத் தரையைத் தொட்டன. முகிலுக்கு அண்மையில் மாடம் எழுப்புவது மாந்தர் கைத்திறன். அத்துணை உயரம் ஏறிய பின்னும், தம் பிழை கண்டு ஏழு பாகை திரும்ப ஒருப்படுவதே மாந்தரின் பெருமை.