அண்ணன் கொடுத்த சாட்சி

தவக்காலத் தியானத்தின் கடைசி நாளன்று பீடத்துக்கு முன்னால் நின்று பேசியவர்களில் அவளுடைய அண்ணனும் ஒருவன். அன்றாட வாழ்க்கையில் ஆண்டவரைக் காண்பது எப்படி என்பதுதான் தலைப்பு. டைல்ஸ் கடை வைத்திருக்கிறவன். கீறல் விழுந்த கல்லைக்கூட அழகு என்று நம்பவைத்துவிடுகிற வாய். தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து இறைச்சியையும் காபியையும் விட்டிருந்தான். விட்டதை எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்வதை மட்டும் விடவில்லை.

அவள் ஒரு தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். வேலையிலும் படுக்கை விரிப்பு, வீட்டுக்கு வந்தாலும் படுக்கை விரிப்பு. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைப் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, வேலை முடிந்த கையோடு வந்து கோவிலின் பக்கக் கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் அப்பாவைப் பற்றித்தான் பேசினான். தினமும் அவரைக் குளிப்பாட்டுவதையும் உடை மாற்றுவதையும் சொல்லிக்கொண்டே வந்தவன், குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் சரியாகத் தழுதழுத்தான்.

"அப்பா முதுகுல இருக்குற புண்ணைத் துடைக்கும்போதெல்லாம், ஆண்டவரோட காயத்தைத் தொடுறேன்னு நினைச்சுக்குவேன்."

முன்வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எரிந்தது. அப்பாவுக்கு முதுகில் புண்ணே இல்லை. இடுப்புக்குக் கீழே, இடது பக்கம் இருக்கிறது. அப்பா படுத்ததிலிருந்து அண்ணன் வந்ததெல்லாம் ஒரு பழப்பையோடு வாசல்படிவரைக்கும்தான். அங்கே நின்று நலம் விசாரிப்பான்; போன் அடிக்கும்; போய்விடுவான்.

கூட்டம் கலைந்தபோது பாடகர் குழுவிலிருக்கும் ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஓர் அண்ணன் கிடைக்க நீ கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள். அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள். வாயைத் திறந்தால் கோவில் என்றுகூடப் பார்க்க மாட்டோம் என்ற பயம். அண்ணன் எல்லோருடைய பாராட்டையும் வாங்கி முடிக்கும்வரை வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, வா வீட்டுக்குப் போலாம். அப்பாவைத் துடைக்கணும்."

"இன்னைக்கா? கடையில சரக்கு இறங்குது பாப்பா."

"சரக்கு காத்துக்கிட்டு கிடக்கும். ஆண்டவரோட காயம் கிடக்காது."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற பங்குச்சாமியார் விஷயம் புரிந்தும் புரியாமலும், கோபத்தை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்கும்படி அவளிடம் மெல்லச் சொன்னார்.

"ஒப்புக்கொடுக்குறேன் சாமி. இதை முடிச்சுட்டுக் கொடுக்குறேன்."

அண்ணனுக்கு வேறு வழியில்லை. அத்தனை பேர் பார்க்க, அவள் பின்னாலேயே நடந்தான்.

வீட்டில் அவள் வெந்நீர் விளாவி, பேசினையும் துணியையும் அவன் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அறைக்குள் நுழைந்ததுமே அவன் கை தானாக மூக்குக்குப் போனது. அப்பா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். விழுந்ததிலிருந்து அவருக்கு வருகிற ஒரே சொல் "போ". பசித்தாலும் போ, வலித்தாலும் போ, சந்தோஷம் வந்தாலும் அதேதான். மகன் குனிந்ததும் அதைத்தான் சொன்னார்.

அண்ணன் நிமிர்ந்தான். "பாரு, அப்பாவே போகச் சொல்றாரு."

"அவருக்கு அது ஒண்ணுதான் வரும். என்னையும் தினமும் அதைத்தான் சொல்றாரு. நான் போயிட்டேனா?"

அவன் வெந்நீர்ப் பேசினை மெத்தை ஓரத்தில் வைத்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அப்பாவைப் புரட்டினான். தண்ணீர் பாதி மெத்தையில் கொட்டியது. புண்ணைப் பார்த்ததும் பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தான். அவள் நகரவில்லை. பாவமாகத்தான் இருந்தது; அந்தப் பாவத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மீதியைத் துடைத்து முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் அண்ணி போன் செய்தாள். ஊர் முன்னால் அவமானப்படுத்திவிட்டாயே, மனுஷன் ராத்திரி பட்டினி கிடந்தார் என்று பொரிந்தாள். தவக்காலம்தானே அண்ணி, கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

புனித வாரம் முழுக்க அண்ணன் எட்டிப் பார்க்கவில்லை. ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட பெரிய வெள்ளியன்று ஊரே சிலுவைப் பாதைக்குப் போயிருந்தது. அவள் பின்கட்டில் அப்பாவின் விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை, சண்டைதான் வந்தது. "ஆண்டவரே, உமக்கு அன்னைக்கே முடிஞ்சுபோச்சு. எங்கப்பாவுக்கு எப்போ முடியும்? உம்மைத் தூக்கி மடியில வச்சுக்க உம்ம அம்மா இருந்தாங்க. நாளைக்கு என்னை யாரு தூக்குவா?" சொன்ன பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்தது. ஆனாலும் வாயில் வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. விரிப்பை முறுக்கிப் பிழிந்துகொண்டே இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகக் கேட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவரிடம் மனம்விட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

உயிர்ப்பு விழா முடிந்த வாரத்தில், அவளுக்கு வேலையில்லாத ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. அண்ணன். பழைய சட்டை, கையில் பழப்பை இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல், "நீ எங்கயாவது போயிட்டு வா. சாயங்காலம் வரைக்கும் நான் இருக்கேன்" என்றான். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. கோவிலில் சொன்ன பொய்யை இன்றுவரை அவன் எங்கேயும் திருத்தவும் இல்லை. அது அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த நாளிலிருந்து வாரத்தில் ஒரு மத்தியானம் தவறாமல் வருகிறான். இப்போது தண்ணீர் கொட்டுவதில்லை.

அன்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியவளுக்கு எங்கே போவதென்றே தெரியவில்லை. கால் கோவிலுக்குக் கொண்டுபோய் விட்டது. தவக்காலத்து ஊதாத் துணிகளெல்லாம் போய், பீடம் வெள்ளையில் இருந்தது. கோபத்தை ஒப்புக்கொடுப்பதாகச் சாமியாரிடம் வாக்குக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று ஆண்டவரிடம் தவணை சொல்லிவிட்டு, தூணில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

கதவைப் பூட்ட வந்த கோவில்பிள்ளை தோளைத் தட்டி எழுப்பியபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. இன்னும் சற்று நேரம் தூங்க விட்டிருக்கலாமே என்று அவர்மீதும் அவளுக்குக் கோபம் வந்தது.