முபீன் உருக்கிய பனிமலை

நஸ்லின் டீச்சருக்கு இந்தத் தடவை முதலாமிடம் வந்தே ஆகவேண்டும். போன வருடம் கைக்கெட்டியது நழுவிப்போன ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. சாய்ந்தமருதில் பள்ளிக்கூடக் கண்காட்சி. அவளும் மாணவிகளுமாகச் சாக்கும் சீமெந்தும் குழைத்து இமயமலையையே மேசையில் ஏற்றிவிட்டார்கள். அடிவாரத்தில் வயல், நடுவில் காடு, மேலே பூக்கள், உச்சியில் பனி. பனியோரத்தில் களிமண்ணில் ஒரு பனிச்சிறுத்தை. பூமி சூடேறப் பனி மெல்ல மெல்ல உருகுவதை நடுவரின் கண்முன்னே காட்டவேண்டும், அதுதான் திட்டம்.

பனிக்கு ஊரெல்லாம் அலையத் தேவையிருக்கவில்லை. கணவன் முபீன் மீன் வியாபாரி. மீன் அடைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் கொண்டுவந்து தன் கையாலேயே உச்சியில் அடுக்கினான்.

"யோசிக்காத புள்ள, பகல் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அசையாது."

அசையாதாம்! நடுவர் வருமுன்பே மலை மொட்டையாகிவிட்டது. வயல் மூழ்கி, தண்ணீர் நஸ்லினின் செருப்பில் சொட்டியது. மாணவிகளுக்கு அழுகை முட்டியது.

"என்ட அல்லாஹ்! இவ்வளவு கெதியா எப்பிடிக் கரைஞ்ச?" நஸ்லின் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. "உப்புப் போட்டீங்களா?"

"ஓம். மீன் பெட்டிக்குப் போடுறதானே? நல்லாக் குளிரும்."

"குளிரும்! ஐஸும் கெதியாக் கரையும்!"

முபீனின் முகம் செத்துப்போனது. தண்ணீரில் சரிந்துகிடந்த சிறுத்தையை எடுத்து மொட்டை உச்சியில் வைத்தான். "பாவம், இதுக்கு மேல எங்க ஏறும்?" என்றான். நஸ்லின் திட்ட வாயெடுத்தாள்.

அந்நேரம் பார்த்து நடுவர் கனகேஸ்வரி வந்து நின்றார்.

"எங்க டீச்சர் பனி?"

நஸ்லின் சட்டென்று முபீனின் சட்டைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இது மலை, மெடம். இவர் மனுசன். நல்லது செய்யிறன் எண்டு நெனச்சித்தான் எல்லாத்தையும் கரைச்சிப் போட்டார். ஒலகத்திலயும் இதுதானே நடக்குது."

கனகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தார். உச்சியில் தனியே நின்ற சிறுத்தையைக் கண்டதும் சிரிப்பு அடங்கியது.

"இனி என்ன செய்யப்போறீங்க தம்பி?"

"பெட்டியில இன்னும் கொஞ்சம் ஐஸ் மிச்சமிருக்கு மெடம். அதுக்கு உப்புப் போடமாட்டன்."

முதலாமிடம் கிடைத்துவிட்டது. ஆனால், கண்காட்சி முடியும்வரை மனுசனும் மலைக்குப் பக்கத்திலேயே நிற்கவேண்டும் என்று நடுவர் சொல்லிவிட்டார். முபீனும் நின்றான். மீன் கூவுகிற அதே குரலில், வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டான்:

"வாங்க, வந்து பாருங்க! இத கரைச்ச ஆள் நான்தான்!"