எட்டாவது பந்தயம்

வீட்டை அவன் மட்டும்தான் பார்த்திருந்தான். மனைவி அதற்குள் அங்கே குடியிருக்கத் தொடங்கிவிட்டாள்.

"அடுப்பு மேடை எந்தப் பக்கம்?" போனில் கேட்டாள்.

"உள்ள நுழைஞ்சதும் இடது பக்கம்."

"ஜன்னல் கிட்டயா?"

"ஜன்னல் கிட்டதான்."

"அப்ப சமைச்சுக்கிட்டே தெருவைப் பாக்கலாம்."

மெதுவாகத்தான் பேசுவாள். அவளும் மகளும் இருந்தது அவள் அண்ணன் வீட்டில், ரயிலில் ஒரு பகல் தூரம். அண்ணியின் காதுக்கு எட்டாத மூலை அந்த வீட்டில் இல்லை. துணி உலர்த்தும் சாக்கில் மாடிப்படியில் நின்று பேசுவாள். ஆறு மாதம் என்று சொல்லித்தான் விட்டுவந்தான். பிறகு ஒரு வருடம் என்றான். பிறகு இரண்டு.

மகள் போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, என் ரூம்ல பல்லி இருக்கா?"

"இல்லடா."

"ஒண்ணு இருக்கட்டும்."

மாடி வீடு. இரண்டு அறை, தனிவாசல். முன்பணம் முப்பதாயிரம் கேட்டாள் வீட்டுக்கார அம்மா. அவனிடம் இருபத்தாறாயிரம் இருந்தது. மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தாள்.

கடைத் தராசுகளைப் பழுது பார்ப்பது அவன் வேலை. எடைக்கற்கள் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போவான். தட்டுகளைத் துடைப்பான், முனைகளைத் தீட்டுவான், கல்லை வைத்து முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பஸ் டிரைவர் அவனைத் தராசு என்றே கூப்பிட்டார்.

"என்ன தராசு, போனைப் பாத்துச் சிரிக்கறே? வீட்டுக்காரியா?"

"இல்லண்ணே. பத்து ஜெயிச்சேன்."

திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்புக் கட்டங்கள், கறுப்புக் கட்டங்கள், நடுவில் ஒரே ஒரு பச்சை. சிவப்பில் பணம் வைத்துச் சிவப்பு விழுந்தால் வைத்ததும் திரும்பும், அதே அளவு மேலேயும் வரும். பச்சை விழுந்தால் இரண்டு பக்கத்துப் பணமும் கம்பெனிக்கு.

"முறை தெரியாம ஆடுறவன்தான் தோப்பாண்ணே. பத்து வை. போச்சா, இருபது வை. அதுவும் போச்சா, நாப்பது. தோக்கத் தோக்க ரெட்டிப்பு. எப்ப ஜெயிச்சாலும் அதுவரைக்கும் போனது மொத்தமும் வந்துடும், மேல பத்து."

"ஜெயிக்கவே இல்லேன்னா?"

"எத்தனை தரம்தான் கறுப்பே விழும்? தராசுல ஒரு தட்டு இறங்கினா இன்னொண்ணு ஏறித்தானே ஆகணும்."

டிரைவர் சட்டையை ஆணியில் மாட்டினார்.

"ரெண்டு தட்டும் ஒரே கம்பில தொங்குதுய்யா. அதனால ஏறுது. இதுல கம்பி எங்க இருக்கு?"

"நீங்க பஸ்ஸையே பாருங்கண்ணே."

"பஸ்ஸைத்தான் பாக்கறேன். நேத்து போற வழி பூரா சிவப்பு சிக்னல். இன்னிக்கு அவன் பாவம்னு பச்சை போட்டானா? அவனுக்கு என் மூஞ்சியே தெரியாது."

அவன் சிரித்தான். ஒரு மாதமாக ஆடியிருந்தான். தொடர்ந்து ஐந்து முறைக்கு மேல் தோற்றதில்லை. ஐந்து முறை தோற்ற அன்றும் ஆறாவதில் எல்லாம் திரும்பி வந்தது. மேலே பத்து. பத்து பத்தாகக் கிடைத்ததில் அவனுக்குக் குறையில்லை. அது சம்பளம் போல வந்தது.

புதன்கிழமை வீட்டுக்கார அம்மா போன் செய்தாள்.

"தம்பி, வேற ஒரு குடும்பம் வந்து பாத்துட்டுப் போயிருக்கு. கையில பணத்தோட நிக்கறாங்க. வெள்ளிக்கிழமைக்கு மேல என்னால தாங்காது."

அன்று மாலை மனைவி உரக்கப் பேசினாள். படியிலிருந்து அல்ல, கூடத்திலிருந்து.

"அண்ணிகிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட்டும் எடுத்தாச்சு."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"மறுபடியுமான்னு கேட்டாங்க. இந்தத் தடவை வீட்டையே பாத்தாச்சுன்னேன். அடுப்பு மேடை எந்தப் பக்கம்னுகூடச் சொன்னேன்."

நாலாயிரம் குறைந்தது. முதலாளி கையை விரித்துவிட்டார். ரெண்டாயிரம் நான் தருகிறேன், மீதியை டெப்போவில் யாரிடமாவது புரட்டலாம் என்றார் டிரைவர். வேண்டாம் என்றான். கடன் கேட்பது வெட்கமாக இருந்தது. சக்கரத்திடம் வெட்கப்பட வேண்டியதில்லை. பத்தை நூறாக்கினால் நாற்பது வெற்றி போதும். கையிலிருந்த இருபத்தாறாயிரம் நூறிலிருந்து தொடங்கினால் எட்டுப் பந்தயம் வரை தாங்கும். எட்டு முறை தொடர்ந்து தோற்றவனை அவன் பார்த்ததில்லை.

வியாழன் இரவுக்குள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் சேர்ந்தது.

வெள்ளி மதியம் ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கில் வேலை. பெரிய தராசைப் பிரித்துப் போட்டுவிட்டு, துடைத்த மண்ணெண்ணெய் காயட்டும் என்று மூட்டை மேல் உட்கார்ந்தான். போனை எடுத்தான். சிவப்பில் நூறு வைத்தான். கறுப்பு. இருநூறு. கறுப்பு. நானூறு. கறுப்பு. எண்ணூறு வைத்தபோது பச்சை விழுந்தது. ஆயிரத்து அறுநூறு, கறுப்பு. இதுவரை அவன் கண்ட எல்லை அதுதான். இனி ஏறித்தான் ஆகவேண்டும். மூவாயிரத்து இருநூறு, கறுப்பு. ஆறாயிரத்து நானூறு.

கறுப்பு.

எட்டாவது பந்தயம் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு. அடித்தான். திரை வாங்கிக்கொள்ளவில்லை. இந்த மேசையில் அதிகபட்சம் பத்தாயிரம் என்று எழுத்து வந்தது. பத்து பத்தாக ஆடியவரை அந்த வரம்பின் பக்கத்தில்கூட அவன் போனதில்லை.

பத்தாயிரம் வைத்து வென்றாலும் இரண்டாயிரத்து எழுநூறு குறையும். தெரிந்தே வைத்தான்.

கறுப்பு.

அடுத்த சுற்று தானாகச் சுற்றியது. சிவப்பு விழுந்தது. அதில் அவன் பணம் இல்லை.

"என்ன, முள்ளு நடுவுல நிக்குதா?" வியாபாரி உள்ளேயிருந்து கத்தினார்.

"இதோ மாட்டிடறேன்."

மாட்டினான். நின்றது.

மாலையில் அவனே போன் செய்தான். எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவினார்கள். அந்தச் சத்தம் தேய்ந்தது. படிக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்தது.

"அந்த எட்டாவதை அவன் வாங்கியிருந்து, நீங்க ஜெயிச்சிருந்தா எவ்வளவு கிடைச்சிருக்கும்?"

"போனதெல்லாம் வந்திருக்கும்."

"மேல?"

"நூறு."

"நூறுக்கா பன்னெண்டாயிரம்?"

"ஆமா."

அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை.

"எனக்கும் இந்த ஆட்டம் தெரியும்ங்க. ஆறு மாசம்னீங்க. போச்சு. சரி, அதுக்கும் சேர்த்து ஒரு வருஷம். அதுவும் போச்சு. இப்ப விட்டா இருந்ததெல்லாம் வீணாயிடுமேன்னு ரெண்டு வருஷம். அடுத்தது நாலுதானே?"

அவன் எடைக்கல் பெட்டி மேல் உட்கார்ந்தான்.

"நாலு என்கிட்ட இல்ல."

"எனக்குப் புரியுது."

"புரியல உங்களுக்கு. இப்ப கையில எவ்வளவு இருக்கு?"

"அஞ்சாயிரத்து இருநூறு."

"அதுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் நல்லதா கிடைக்காது. ஒத்தை ரூம். காத்து வராது. குழாய் பொதுவா இருக்கும்."

"வாசல் இருக்குமா?"

"வாசல் இருக்கும்."

"பாத்து வைங்க. நாங்க வர்றோம். அந்த ஆட்டத்துல இருக்கற பணத்தை இப்பவே வெளிய எடுத்துடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

எடுத்தான். அவள் காத்திருந்தாள்.

சனிக்கிழமை டிரைவரும் அவனும் அலைந்தார்கள். டெப்போவுக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்தது. டிரைவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "பஸ் சத்தம் கேக்கும். நான் போறப்ப ஹாரன் அடிக்க மாட்டேன், போ" என்றார்.

ஞாயிறு சாயங்காலம் அவர்கள் வந்து இறங்கினார்கள். மகள் வளர்ந்திருந்தாள். தூக்கியபோது அவள் கால் அவன் முட்டியில் இடித்தது. மனைவி இளைத்திருந்தாள். எதுவும் கேட்காமல் ஒரு பையை அவன் கையில் கொடுத்தாள், இன்னொன்றைத் தானே வைத்துக்கொண்டாள்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் நின்றாள்.

"அந்த வீட்டு வழியா போலாமா?"

"சுத்து வழி."

"பரவால்ல."

தெருவில் அந்த வீட்டுக்கு எதிரே நின்றார்கள். மாடியில் விளக்கு எரிந்தது. வேற்றுக் குரல்கள் கேட்டன. யாரோ ஒரு பொருளைத் தரையில் இழுத்து நகர்த்தினார்கள்.

"அப்பா, என் ரூம் எது?"

"பின்பக்கம். இங்கேருந்து தெரியாது."

மனைவி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே யாரோ ஜன்னல் கதவின் ஒரு பாதியை மூடினார்கள். பிறகு அடுத்த பாதியை. பையைக் கைமாற்றிக்கொண்டாள். ஆனாலும் நகரவில்லை.

"இருங்க," என்றாள். "கொஞ்ச நேரம்."