டிஸ்கலர்டுக்கு உதாரணம்

என் இரண்டு கையிலும் முழங்கை வரை வெண்திட்டு. அதனால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது. சீசனுக்குச் சீசன் குற்றாலத்து அருவியில் நூறு பெண்களோடு இடித்துக்கொண்டு குளிக்கிறவள் நான். ஆனால் 1959இல் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் டீச்சர் வேலை கேட்டுப் போன அன்றைக்கு, அம்மா அழுது அடம்பிடித்து எனக்கு முழுக்கை ரவிக்கை மாட்டிவிட்டாள்.

பள்ளிக்கூட மேனேஜர் சிவனணைந்தபெருமாள் என் டாக்டர் சர்டிபிகேட்டை உற்றுப் பார்த்தார்.

"தோல் டிஸ்கலர்ட்னு போட்டிருக்கே. பிள்ளைக பயந்துராதாம்மா?"

தொற்றாது என்று அடுத்த வரியிலேயே இருந்தது. மனுஷன் அதைப் படிக்கவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிள்ளைகளையே கேட்டுருவோம் அண்ணாச்சி. ஒரே ஒரு பாடம் எடுக்குதேன். பயந்துச்சுன்னா நானே வீட்டுக்குப் போயிருதேன்."

ஆறாம் வகுப்பு. மேனேஜர் பின்பெஞ்சில் உட்கார்ந்தார். கரும்பலகையில் டிஸ்கலர்ட் என்ற அந்தச் சொல்லையே பெரிதாக எழுதினேன்.

"நெறம் மாறிப்போன சாமானுக்குச் சொல்லுத வார்த்தை இது. வெயில் பட்டு மாறும், தண்ணி பட்டு மாறும், வயசாகியும் மாறும். கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. இந்த ரூம்ல அப்படி என்னென்ன இருக்கு?"

மழை ஒழுகிய சுவர் என்றது ஒரு குரல். உலக மேப் என்றது இன்னொன்று.

"அந்தப் படம் டீச்சர்!" என்றான் சுடலையாண்டி.

மேனேஜரின் அப்பா படம் அது; பள்ளிக்கூடத்தைக் கட்டியவர் அவர்தான். முகம் பாதி பழுப்பேறி, மீசை வெளுத்து, கழுத்தில் மாலையோடு இருந்தார். மேனேஜர் செருமினார்.

முன்பெஞ்சு பாலம்மாள் மட்டும் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்ன? சொல்லு."

"டீச்சர்... ஒங்க கை?"

கேட்ட பிறகு மறைப்பேனா? ரவிக்கைக் கை இரண்டையும் முழங்கைக்கு மேலே சுருட்டினேன்.

"ஆமா, டிஸ்கலர்ட். அதையும் எழுதிக்கோ."

எல்லாரும் குனிந்து எழுதினார்கள். எழுத்து சரியா என்று பார்க்கச் சொல்லி, பாலம்மாள் அந்தக் கையையே பிடித்து இழுத்தாள்.

வெளியே வந்ததும் மேனேஜர் சொன்னார்: "வேலை ஒனக்குத்தாம்மா. முழுக்கையை மட்டும் எறக்கி விட்டுக்கோ. பாக்குதவங்களுக்கு நல்லாருக்கும்."

"அப்ப ஒங்க அப்பா படத்தையும் துணி போட்டு மூடிருவோம் அண்ணாச்சி."

அவர் ஜன்னல் வழியே அந்தப் படத்தை ஒருதரம் எட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை அரைக்கை ரவிக்கையோடு போனேன். வருகைப் பதிவேட்டில் மேனேஜர் கையெழுத்திலேயே என் பெயர் இருந்தது: குழல்வாய்மொழி, ஆங்கிலம்.