முந்திப் போட்ட ஊசி

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். ரோனி மாதிரி அவசரக் குடுக்கையைப் பார்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நான் கவிப்ரியா, கால்நடை மருத்துவர். சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கிலிருந்து பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பன்றிப் பண்ணைகளுக்குப் போய்வருகிறேன். அதில் ஒரு பண்ணைக்கு, பாலத்துக்கு இந்தப் பக்கம் உட்லண்ட்ஸில் குடியிருக்கும் ரோனிதான் மேனேஜர். பக்கத்துப் பண்ணையில், பன்றிகளை மட்டும் தாக்கும் பன்றிக் காய்ச்சல் வந்தது. சில வாரங்களில் ரோனியின் குட்டிகளும் சுருண்டு விழ ஆரம்பித்தன. எல்லாவற்றுக்கும் தடுப்பூசி போட்டாயிற்றே, எப்படி? ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால், ஊசி எந்தக் குட்டியிடமும் வேலை செய்யவே இல்லை.

சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்கே போய்விட்டேன். அவர் மனைவி செரினா பால் கலக்காத தே ஓ தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் தொடக்கூட இல்லை.

"ஊசி எப்ப போட்டீங்க, ரோனி?"

"பிறந்த வாரமே, டாக்டர். பக்கத்துல நோய் வந்துருச்சு லா. எப்படி வெயிட் பண்றது?"

"ஐயோ!" தலையில் அடித்துக்கொண்டேன். "ஆறாவது வாரம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! தாய்க்கு ஊசி போட்டிருக்கோம். அதோட பால்லயே குட்டிக்குப் பாதுகாப்பு இருக்கு. அந்த நேரத்துல போட்டா, அந்தப் பாதுகாப்பே ஊசி மருந்தை அழிச்சிடும். அப்புறம் பாலோட பலமும் குறைஞ்சா குட்டிகிட்ட என்ன இருக்கும்? வெறுங்கையோட விட்டுட்டீங்க!"

 ரோனி எழுந்து வெளி வராந்தாவுக்குப் போய்விட்டார்.

"அவரைத் திட்டாதீங்க டாக்டர்," என்றார் செரினா மெதுவாக. "எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். இவரோட அண்ணன்தான் ஞானத்தகப்பனா நிக்கணும், அவர் திருச்சியிலிருந்து வரட்டும்னு ஞானஸ்நானத்தைத் தள்ளி வெச்சோம். வெயிட் பண்ணலாம்னு சொன்னது இவருதான். அதுக்குள்ள பிள்ளை காய்ச்சல்ல போயிட்டான், ஞானஸ்நானம் வாங்காமலே. அதுக்கப்புறம் எதுக்கும் காத்திருக்க இவரால முடியல."

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. என்ன பேச்சு பேசிவிட்டேன்! எழுந்து வெளியே போனேன். தூரத்தில் பாலத்தின் மேல் வண்டிகள் நகராமல் நின்றன.

"இந்த வாரமும் குட்டி போட்டிருக்கு, டாக்டர்," என்றார் ரோனி, என்னைப் பார்க்காமலே. "திங்கட்கிழமை போடலாம்னு மருந்து வெச்சிருக்கேன்."

"போடாதீங்க."

"போடாம இருந்தா பிழைச்சிடுமா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "நிறைய பிழைக்கும். எல்லாம் பிழைக்கும்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"யாரு நிக்கச் சொன்னா? வெளியாளை உள்ள விடாதீங்க. பூட்ஸைக் கழுவுங்க. ஒவ்வொரு குட்டியும் பால் குடிக்குதான்னு பாருங்க. ஊசி போடுற அன்னைக்கு நானே வந்து உங்க பக்கத்துல நிக்கிறேன்."

ரோனி என் பக்கம் திரும்பினார். "காத்திருக்கிறது தப்பில்லைன்னு சொல்றீங்களா, டாக்டர்?"

அவர் பன்றிக்குட்டியைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் சிராங்கூன் சாலை அம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஞானஸ்நானத்தைப் பற்றி நான் என்னத்தைக் கண்டேன்? ஆனாலும் சொன்னேன்.

"தப்பில்லை, ரோனி. அன்னைக்கும் தப்பில்லை."

"அப்ப திங்கட்கிழமை போடலை," என்றார். அதற்கு மேல் முடியவில்லை. வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். செரினா ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், "பையன் பேரு என்ன?" என்று கேட்டேன்.

"பேரு இல்லை, டாக்டர்," என்றார் செரினா. "ஞானஸ்நானத்துலதான் வைக்கிறதா இருந்தோம்."